லூட்டின் முதல் மெட்டு

மார்ச் 3

லூட் என்ற பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியத்தின் மெட்டுகளை, அதாவது விரல் வைக்கும் இடங்களைக் குறிக்கும் கட்டுகளை, அறுத்துவிட்டுப் புது நரம்பு கட்டத் தொடங்கினேன். வீணையின் உலோக மெட்டுகள் மெழுகில் பதிந்து நிற்கின்றன. இவையோ கழுத்தைச் சுற்றி முடிச்சிடப்படுபவை என்பதால், விரலால் தள்ளினாலே நகரும்.

முதலில் வின்சென்சோ கலிலேயின் கணக்கையே பின்பற்றினேன். கலிலியோவின் தந்தையான இவர் 1581இல் வெளியிட்ட நூலில் கூறும் முறை எளிது: எஞ்சியுள்ள தந்தி நீளத்தில் 18இல் ஒரு பங்கைத் தள்ளி அடுத்த மெட்டைக் கட்ட வேண்டும். என் கருவியில் தந்தியின் இரு முனைத் தாங்கிகளான மேருவிலிருந்து குதிரை வரை 60 செ.மீ.; ஆகவே முதல் மெட்டு 33.3 மி.மீ. தொலைவில் விழுகிறது. ஒவ்வோர் அரைச்சுரமும் 99 சென்ட் (ஒரு ஸ்தாயியில் 1200 சென்ட்). ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்க வேண்டிய 12ஆவது இடம் தந்தியின் சரிபாதிக்கு 2 மி.மீ. முன்பாகவே நின்றுவிடுகிறது என்றாலும், அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதி சற்று ஏறுவதால் காதுக்கு அது குறையாகத் தெரிவதில்லை.

மார்ச் 6

காந்தாரம்தான் உறுத்துகிறது. ஸ்தாயியை 12 சம அரைச்சுரங்களாக்கும் சம அளவுப் பகுப்பில் அது இயல்பான 386 சென்ட்டுக்கு 14 சென்ட் மேலே நிற்கும். காந்தாரத்தைத் தூய்மையாக வைக்கும் கால் கம்மா மீன்டோன் முறைக்கு (ஒவ்வொரு பஞ்சமத்தையும் கம்மா என்ற நுண்ணிய இடைவெளியில் கால் பங்கு குறைப்பது) போனாலோ அரைச்சுரம் இரண்டு வகையாகப் பிரிகிறது. ஏ சுரத்துக்குச் சேர்த்த மூன்றாம் தந்தியில் முதல் மெட்டு பி பிளாட் தர வேண்டும். அதற்கு 117 சென்ட், அதாவது 39 மி.மீ. அதை ஒட்டி, எஃப் சுரத்துக்குச் சேர்த்த நான்காம் தந்தியில் அதே மெட்டு எஃப் ஷார்ப் தர வேண்டும். அதற்கு 76 சென்ட், 26 மி.மீ. கழுத்தின் குறுக்கே கட்டிய ஒற்றை நரம்பு இரண்டு இடத்திலும் இருக்க முடியாது. சாய்த்துக் கட்டினாலும் அடுத்தடுத்த தந்திகளுக்கிடையே 13 மி.மீ. வேறுபாட்டை எட்டவே முடியாது.

இதனாலேயே லூட் என்றாலே சம அளவுப் பகுப்புத்தான் என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் லூயிஸ் மிலான், லூட்டைப் போலவே மெட்டு கட்டப்படும் ஸ்பானிய வாத்தியமான விவேலாவுக்கு 1536இல் வெளியிட்ட நூலில், சில உருப்படிகளுக்கு நான்காம் மெட்டைச் சற்று நகர்த்திக்கொள்ளுமாறு சொல்கிறார். வாசிப்பவர்கள் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுத்தவர்களாக எனக்குத் தோன்றவில்லை.

மார்ச் 10

கால் கம்மாவை விட்டு, பஞ்சமத்தை ஆறில் ஒரு கம்மா மட்டும் குறைக்கும் மீன்டோனுக்கு இறங்கினேன். காந்தாரத்தின் மிகை 7 சென்ட்டாகப் பாதியாகிறது. இரண்டு அரைச்சுரங்களும் 36, 30 மி.மீ. என நெருங்குகின்றன. முதல் மெட்டை 36இல் நிறுத்தி, நான்காம், ஐந்தாம் தந்திகளின் அடியில் மட்டும் 30இல் சிறு துண்டு மெட்டை ஒட்டினேன். இத்தகைய துண்டு மெட்டுகளைக் கலிலேய் ஏற்கவில்லை. துண்டு சற்றே தடிமனாக இல்லாவிட்டால் தந்தி அதையடுத்துக் குதிரைப் பக்கம் உள்ள மெட்டில் பட்டு இரைகிறது என்பதைக் கேட்டபோது அவர் எரிச்சல் புரிந்தது. ஆனாலும் டி மேஜர் கூட்டொலியில் எஃப் ஷார்ப் அடங்கி ஒலிப்பதால், துண்டை எடுக்கப் போவதில்லை.