ஆபிங்டனில் கேட்ட அம்பாசிடர் சத்தம்

ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஆபிங்டனுக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம். தேம்ஸ் கரையில் அமைதியான சின்ன ஊர். ஆக்ஸ்ஃபோர்டின் கல்லூரிகளைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. நான் அங்கே போனது ஒரு காருக்காக.

நம் ஊரில் எம்ஜி என்றால் ஹெக்டர்தான் ஞாபகத்துக்கு வரும். குஜராத்தில் ஹாலோலில் தயாராகும் உயரமான எஸ்யூவி. அதன் முகப்பில் இருக்கும் எண்கோண முத்திரை பிறந்தது ஆக்ஸ்ஃபோர்டில். எம்ஜி என்பது மோரிஸ் கேரேஜஸ் என்பதன் சுருக்கம். வில்லியம் மோரிஸின் கார் விற்பனைக் கடையின் பெயர் அது. கடையின் மேலாளராக இருந்த செசில் கிம்பர், 1920களில் சாதாரண மோரிஸ் காரின் சேஸிஸை எடுத்து அதன் மேல் அழகான பாடி கட்டி விற்க ஆரம்பித்தார். 1929-ல் அந்த வேலை ஆபிங்டனுக்கு இடம் மாறியது. அதற்கப்புறம் ஐம்பது வருடம், உலகத்தில் பணக்காரர் அல்லாதவர்களும் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்த ஊர்தான் தலைநகரம் மாதிரி.

சந்தை சதுக்கத்தின் நடுவில் 17-ம் நூற்றாண்டுக் கல் கட்டடம் ஒன்று நிற்கிறது, கவுன்ட்டி ஹால். இப்போது அது மியூசியம். அரச குடும்பத்தில் விசேஷம் என்றால் இதன் கூரையிலிருந்து கூட்டத்தின் மேல் பன் வீசுவது ஊர் வழக்கம். பழைய பன்களைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நான் தேடிப் போனது மாடியில் நின்றது: எம்ஜியின் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியில், 1980-ல் இந்த ஊரில் கட்டி முடித்த கடைசி கார்களில் ஒன்று. ஜன்னல் வழியாக கிரேன் வைத்துத் தூக்கி உள்ளே இறக்கினார்களாம்.

அதை முதலில் பார்த்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிட வருத்தம்தான் அதிகம் வந்தது. காரணம் அதன் பம்பர். காரின் முகம் முழுவதையும் தடிமனான கறுப்பு ரப்பர் மூடியிருக்கிறது. 1962-ல் இந்த கார் வெளிவந்தபோது அங்கே மெல்லிய குரோம் பம்பரும் செங்குத்துக் கம்பிகள் வைத்த சின்ன கிரில்லும் இருந்தன. எம்ஜிபியில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் ஏற்றுமதி. 1970களில் அமெரிக்க அரசு, மெதுவாக மோதினால் அடிபடாத பம்பர் வேண்டும், அது இன்ன உயரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. புதிதாக ஒரு கார் வடிவமைக்கக் கம்பெனியிடம் பணம் இல்லை. அதனால் 1974-ல் ரப்பரை ஒட்டி, முழு காரையும் ஒன்றரை அங்குலம் மேலே தூக்கிவிட்டார்கள். ஒன்றரை அங்குலம்தானே என்று தோன்றும். வளைவில் திரும்பும்போது சாலையோடு ஒட்டிக்கொண்டு போன வண்டி, அதற்கப்புறம் சாய்ந்துகொண்டு போனது. பார்வைக்கும் அப்படித்தான். உட்கார்ந்திருந்த பூனை எழுந்து நின்றுவிட்டது போல ஆகிவிட்டது.

மற்றபடி அந்த உடலின் கோடுகள் அப்படியே இருக்கின்றன. ஹெட்லைட்டுக்குப் பின்னாலிருந்து பின்விளக்கு வரை ஒரே கோடு, கதவின் மேல் மெதுவாக இறங்கி ஓடுகிறது. ஹெட்லைட்டுகள் கொஞ்சம் உள்வாங்கிக் குழிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. ரெனோ ஃப்ளோரீட் காரைப் பார்த்து வந்த யோசனை என்று வடிவமைப்பாளர் டான் ஹேட்டரே சொல்லியிருக்கிறார். தேவையில்லாத மடிப்பு ஒன்றுகூட இல்லை. இன்றைய கார்களின் கதவுகளில் இருக்கும் மடிப்புகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதுவே பெரிய ஆறுதல்.

தொழிற்சாலை இருந்த இடம் ஊருக்கு மேற்கே. நடந்தே போனேன். பெரும்பகுதியை இடித்துவிட்டு வேறு அலுவலகங்கள் கட்டிவிட்டார்கள். செமட்ரி ரோட்டில் எம்ஜி கார் கிளப்பின் அலுவலகம் இருக்கிறது, கிம்பர் ஹவுஸ் என்று பெயர். பழைய வாசலுக்குப் பக்கத்திலேயே. பாடி ஸ்விண்டனிலிருந்தும் எஞ்சின் கவென்ட்ரியிலிருந்தும் வர, இங்கே கையால் தள்ளித் தள்ளி ஒவ்வொரு கட்டமாகக் கோத்திருக்கிறார்கள். மூன்று தலைமுறை ஒரே வாசலில் வேலைக்கு நுழைந்த குடும்பங்கள் இருந்த ஊர். 1979 செப்டம்பரில் எம்ஜி ஆபிங்டனுக்கு வந்த பொன்விழாவை ஊரே கொண்டாடியது. கொண்டாட்டம் முடிந்த கையோடு, செப்டம்பர் 10, திங்கட்கிழமை, தொழிற்சாலையை மூடப்போவதாக, எம்ஜியை அப்போது கையில் வைத்திருந்த பிரிட்டிஷ் லேலண்ட் கம்பெனி அறிவித்தது. பவுண்டின் மதிப்பு ஏறிவிட்டது, அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு காரிலும் நஷ்டம் என்று கணக்குக் காட்டினார்கள். அடுத்த வருடம் அக்டோபரில் கதவு மூடியது. 18 வருடத்தில் 5 லட்சத்துக்கும் மேல் விற்ற காருக்கு வாரிசே கட்டாமல் விட்டதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அந்தத் தெருவில்தான் ஒரு பச்சை நிற எம்ஜிபி நின்றுகொண்டிருந்தது. 1967 மாடல், குரோம் பம்பர். ஒரு பெரியவர் பானெட்டைத் திறந்து ஆயில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தள்ளி நின்று பார்ப்பதைக் கவனித்து, கிட்டே வரச் சொன்னார். உள்ளே பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. எஞ்சின் தலையில் வால்வு பாகங்களை மூடும் நீளமான டேப்பெட் கவர், அதன் மேல் இரண்டு நட், ஆயில் ஊற்றும் மூடி. இந்த எஞ்சினை எனக்குத் தெரியும்.

என் அப்பா கும்பகோணத்தில் 22 வருடம் டாக்சி ஓட்டியவர். பெட்ரோல் அம்பாசிடர், மார்க் த்ரீ. ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து வைத்து, டேப்பெட் கவரைக் கழற்றி, டேப்பெட் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜை என் கையில் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். அம்பாசிடரின் தாய் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. இங்கிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி, கௌலியில் தயாரான கார். அதிலிருந்த 1489 சிசி எஞ்சினும் எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் ஒரே குடும்பம், பி சீரீஸ். எம்ஜிபியில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் எஸ்யூ கார்புரேட்டர் இரண்டு இருக்கின்றன, அவ்வளவுதான். பின்னால் கமான் பட்டை. சீட்டுக்குப் பின்னால் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு.

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். அப்புறம் இடது கதவைத் திறந்து, "உட்காருங்கள், மார்ச்சம் வரை போய் வரலாம்" என்றார்.

கதவு வழியாகக் கையைத் தொங்கவிட்டால் தார் ரோட்டைத் தொட்டுவிடலாம் போல அவ்வளவு தாழ்வு. சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தார். குளிர்ந்த எஞ்சினின் அந்த 'டிக் டிக் டிக்' சத்தம், பெட்ரோல் வாசனை, சூடாகும் ஆயில் வாசனை. ஊரைத் தாண்டி வேலிகளுக்கு நடுவே போகும் சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டியிருக்க மாட்டோம். ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லும் முதுகுக்குத் தெரிந்தது. வேகம் என்பது மீட்டரில் இருக்கும் எண் மட்டும்தான் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது. கிட்டத்தட்ட 900 கிலோ எடை, தொண்ணூற்றைந்து குதிரைத் திறன், அதுவே போதுமாக இருந்தது.

மலிவான ஸ்போர்ட்ஸ் கார் என்ற ஒன்று எப்படி இருந்தது, ஏன் இப்போது இல்லை என்று பல வருடமாக யோசித்திருக்கிறேன். அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெளிவாகப் புரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஆபீஸ் போகும் காரின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எடுத்து, அழகான, தாழ்வான ஒரு பாடிக்குள் வைத்ததுதான் எம்ஜிபி. இத்தாலியில் ஃபியட் எக்ஸ் ஒன் நைன் அப்படித்தான், 128 என்ற குடும்பக் காரின் எஞ்சினைப் பின்னால் வைத்துக் கட்டியது. ஃபோர்டு காப்ரி அப்படி. ஃபோக்ஸ்வாகன் ஷிரோக்கோ கோல்ஃப் காரின் உறவு. பிற்பாடு வந்த ஆடி டிடியும் அதே கோல்ஃப் வழி வந்ததுதான். கடன் வாங்குவதற்குத் தாழ்வான, எடை குறைந்த சாதாரண கார் இருந்த வரை, மலிவான ஸ்போர்ட்ஸ் காரும் பிறந்துகொண்டே இருந்தது. இன்று ஐரோப்பாவில் குடும்பங்கள் விரும்பி வாங்குவது உயரமான எஸ்யூவி. மின்சார கார் என்றால் தரைக்கு அடியில் பேட்டரி, அதற்கு மேல் சீட். அதிலிருந்து கடன் வாங்கித் தாழ்வான கார் கட்ட முடியாது. தனியாகக் கட்டினால் விலை எங்கோ போய்விடுகிறது.

இதற்கு மேல் சட்டங்களும் சேர்ந்துகொண்டன. நடந்து போகிறவர் மீது மோதினால் தலை அடிபடாமலிருக்க பானெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். அதனால் மூக்கு உயர்ந்தது. நல்ல காரணம்தான், மறுக்க மாட்டேன். 2024 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் எல்லாப் புதுக் கார்களுக்கும் தானியங்கி பிரேக், வேக எச்சரிக்கை போன்றவை கட்டாயம். கொஞ்சமாக விற்கும் காரில் அந்தச் செலவைத் தாங்க முடியாது. டொயோட்டாவின் ஜிஆர்86 என்ற ஸ்போர்ட்ஸ் கார் ஐரோப்பாவில் இரண்டு வருடம்தான் விற்பனையில் இருந்தது. பிரிட்டனுக்கு வந்த முதல் ஒதுக்கீடு 430 கார்களும் 90 நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தன. ஆகவே ஆசைப்படுகிறவர்கள் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆடி டிடி 2023 நவம்பரில் நின்றது. காப்ரி என்ற பெயர் 2024-ல் திரும்பி வந்தது, உயரமான மின்சார காரின் மேல். எம்ஜியும் அதே வருடம் சைபர்ஸ்டர் என்ற இரண்டு சீட் மின்சார காரைக் கொண்டுவந்தது. நல்ல அழகு, ஆனால் எடை ஏறத்தாழ 2 டன், வந்தபோது விலை சுமார் 55 ஆயிரம் பவுண்ட். எடை குறைந்த, தாழ்வான பழைய மாதிரியில் இன்னும் நிற்பது மாஸ்டாவின் எம்எக்ஸ்-5 ஒன்றுதான் என்பேன். அதன் நீளம் 3.9 மீட்டர், எம்ஜிபியும் கிட்டத்தட்ட அதே அளவு. 1989-ல் அதை உருவாக்கிய ஜப்பானியர்கள் இந்த மாதிரி ஆங்கில கார்களை நேசித்தவர்கள். ஆபிங்டனின் பிள்ளை ஹிரோஷிமாவில் வளர்கிறது என்று சொல்லலாம்.

மார்ச்சமில் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, பானெட் பக்கம் போனை நீட்டி ஒரு நிமிடம் பதிவு செய்தேன். அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். படம் இல்லை, பெயர் இல்லை, சத்தம் மட்டும். ஊரில் அப்போது ராத்திரி ஒன்பதரை இருக்கும், தூங்கியிருப்பார் என்று நினைத்தேன். இரண்டு நிமிடத்தில் போன் வந்தது.

"யார் வண்டிடா? நல்லா வச்சிருக்காங்க. மூணாவது சிலிண்டர் டேப்பெட்டை மட்டும் கொஞ்சம் டைட் பண்ணச் சொல்லு."

பெரியவரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் குனிந்து காது கொடுத்துக் கேட்டார். அப்புறம் டிக்கியைத் திறந்து ஸ்பானர் பையைத் தேட ஆரம்பித்தார்.