வெள்ளை மான்ஸ்டெராவும் வடக்குச் சன்னலும்

இலையில் பச்சையும் வெள்ளையும் கலந்த வீட்டுச் செடியான மான்ஸ்டெரா ஆல்போவை வளர்ப்பது பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர்கள் எழுதியவை. தெற்குச் சன்னலில் வை, ஜூனில் உரம் போடு என்பார்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே, தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் ஜொகன்னஸ்பர்க்கிலும் அதை அப்படியே செய்தால் செடி வெளிச்சமில்லாமல் இளைக்கும், வேர் அழுகும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற நம் பழமொழியும் இந்த மண்ணில் செல்லாது. மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும் ஆடி இங்கே நல்ல குளிர்காலம். தொட்டி மாற்றவும் போத்து (நட்டு வளர்க்கும் தண்டுத் துண்டு) வெட்டவும் புரட்டாசி வரை பொறுங்கள்.

இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது. அது உணவு தயாரிக்காது. பச்சைப் பாதிதான் மீதியையும் சேர்த்துச் சுமக்கிறது. அதனால் சாதாரண மான்ஸ்டெராவைவிட இதற்கு வெளிச்சம் அதிகம் வேண்டும். ஆனால் நேர் வெயில் பட்டால் முதலில் கருகுவதும் அந்த வெள்ளைதான். இந்த இரண்டுக்கும் நடுவில் இடம் பிடித்துக் கொடுப்பதுதான் வளர்ப்பவர் வேலை.

ஜொகன்னஸ்பர்க்கில் ஜூன் மாத நண்பகல் சூரியன் வடக்கில் சுமார் 40 பாகை உயரத்தில்தான் நிற்கும். வடக்குச் சன்னல் வழியே வெயில் அறைக்குள் வெகுதூரம் வரும். அப்போது செடியை ஒரு மீட்டர் உள்ளே தள்ளுங்கள், அல்லது மெல்லிய திரை போடுங்கள். டிசம்பரில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேரே போய்விடும். அந்தச் சன்னலில் நேர் வெயில் விழாது. செடியைக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். கிழக்குச் சன்னல் ஆண்டு முழுதும் நல்லது. மேற்கில் கோடைக்காலப் பிற்பகல் மூன்று மணி வெயில் ஒரே நாளில் வெள்ளையைக் காகிதமாக்கிவிடும். தெற்குச் சன்னல்தான் இருக்கிறது என்றால் வளர்ப்பு விளக்கு தேவை: 30 முதல் 40 செ.மீ. உயரத்தில், தினம் 10–12 மணி நேரம். சுழலும் டைமர் மின்வெட்டில் நின்று, மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்தே ஓடும். சில வாரத்தில் விளக்கு நள்ளிரவில் எரியும். பேட்டரி உள்ள டைமர் வாங்குங்கள்.

மண் கலவை: பைன் பட்டைத் துண்டு 4 பங்கு, தேங்காய் நார்த்தூள் 3, பெர்லைட் (வெள்ளை எரிமலைக்கல் துகள்) 2, கரித்துண்டு 1. தொட்டி வேர்ப்பந்தைவிட 3–5 செ.மீ. மட்டுமே அகலமாக இருக்கட்டும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலைத் தொடங்கி வைக்கும். விரலை விட்டுப் பாருங்கள். மேல் 5 செ.மீ. காய்ந்த பிறகு, அடியில் வழியும் வரை ஊற்றுங்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதி அளவு உரம் போதும். மே முதல் ஆகஸ்ட் வரை உரமே வேண்டாம்.

ஜொகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா வீடுகளில் குளிர்கால எதிரி வறண்ட காற்று. ஹீட்டர் போட்டால் இன்னும் மோசம்: இலை ஓரம் பழுப்பாகும், அடியில் செஞ்சிலந்திப் பேன் குடியேறும். தண்ணீர் தெளிப்பதில் பெரிய பயன் இல்லை. ஈரப்பதக் கருவி வைப்பதே வழி. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பிரச்சினை தலைகீழ். கோடைப் புழுக்கத்தில் காற்றோட்டம் இல்லாவிட்டால் வெள்ளையில் மஞ்சள் வளையத்தோடு ஈரமான கரும்புள்ளி வரும். அந்த இலையை நீக்கி, சிறு மின்விசிறி போடுங்கள். வயதான இலையின் வெள்ளை மட்டும் மெல்லப் பழுப்பானால் கவலை வேண்டாம், அது இயல்பு.

வாங்கும்போது இலையைவிடத் தண்டைப் பாருங்கள். கணுவில், இலைக்காம்பின் கக்கத்தில், அரிசி போல ஒரு சிறு மொட்டு இருக்கும். தண்டில் ஓடும் வெள்ளைக் கீற்று அந்த மொட்டின் மேல் பாதியும் விலகிப் பாதியுமாகப் போனால் இரு நிறமும் கலந்த கிளை வர நல்ல வாய்ப்பு உண்டு. மொட்டுப் பக்கம் முழுப் பச்சை என்றால், அந்த இலை எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்து வருவது பெரும்பாலும் பச்சைதான். முழு வெள்ளை மொட்டு இன்னும் ஆபத்து. தனியாக வெட்டி வைத்தால் அது பிழைக்காது. தொடர்ந்து மூன்று இலை ஒரே நிறமாக வந்தால், கீற்று நன்றாக உள்ள கடைசிக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். மனம் வராதுதான்; ஆனாலும் வெட்ட வேண்டும்.

போத்துக்கு ஒரு கணு, ஓர் இலை, ஒரு விழுது வேண்டும். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் கணுவுக்கு 2–3 செ.மீ. கீழே வெட்டுங்கள். கையுறை போடுங்கள், சாறு தோலை அரிக்கும், குழந்தையும் நாயும் கடிக்கக் கூடாது. வெட்டுவாய் சில மணி நேரம் காயட்டும். பிறகு நனைத்து, சொட்டாமல் பிழிந்த ஸ்பாக்னம் பாசியில் கணுவைப் பதித்து, மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் பெட்டியில் 22–27 டிகிரியில் வையுங்கள். தினம் ஒருமுறை மூடியைத் திறந்து விடுங்கள். வெட்டுவாய் கொழகொழத்து நாறினால் கெட்டியான சதை தெரியும் வரை சீவி, புதுப் பாசிக்கு மாற்றுங்கள். வேர் 5 செ.மீ. நீண்டு, அதில் பக்கவேரும் கிளம்பிய பிறகே தொட்டி. முதல் இலை சிறியதாக, ஓட்டை இல்லாமல்தான் வரும்.