ரொவெரேத்தோவில் நூறு மணியோசை கேட்கப் போன அனுபவம்

இத்தாலியின் வடக்கே ரொவெரேத்தோ என்கிற சின்ன ஊரில், இரவுதோறும் ஒரு பெரிய மணி நூறு முறை ஒலிக்கிறது. போரில் இறந்தவர்களுக்காக. எந்த நாடு, எந்தப் பக்கம் என்று பார்க்காமல் எல்லாருக்குமாக. பக்கத்து நகரமான த்ரெந்தோவுக்குப் படிக்க வந்ததிலிருந்தே அதைக் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தேன். போக நினைப்பவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

முதலில் நேரம். மணி ஒலிக்கும் நேரம் கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். த்ரெந்தோவிலிருந்து ரயிலில் கால் மணி நேரம்தான், ஆனால் இரவில் வண்டிகள் குறைவு. திரும்பும் ரயிலைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

நான் மதியமே போய், கோட்டைக்குள் இருக்கும் போர் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்தேன். அதைப் பார்க்காமல் மணி இருக்கும் குன்றுக்குப் போகாதீர்கள் என்பேன். முதல் உலகப் போர் தொடங்கியபோது இந்த ஊர் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் இருந்தது. ஊர் ஆண்கள் ஆஸ்திரியச் சீருடையில் ரஷ்யர்களோடு சண்டையிடப் போனார்கள். சிலர் எல்லை தாண்டி இத்தாலியப் படையில் சேர்ந்தார்கள். போர்முனை ஊருக்கே வந்துவிட, மற்றவர்களை வெளியேற்றித் தொலைதூர முகாம்களுக்கு அனுப்பினார்கள். போர் முடிந்ததும் ஊர் இத்தாலியின் கைக்கு வந்தது. ஜெயித்தவர்களுக்கு மட்டும் சின்னம் வைத்தால், தோற்ற பக்கத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எங்கே போய் அழுவாள்?

உள்ளூர்ப் பாதிரியார் அந்தோனியோ ரொஸ்ஸாரோ, போரிட்ட நாடுகளின் பீரங்கி வெண்கலத்தைத் திரட்டி 1924இல் இந்த மணியை வார்க்க வைத்தார். பெயர் மரியா டோலென்ஸ், துயருறும் மரியாள், நம் வியாகுல மாதா. 1925இல் கோட்டைக் கொத்தளத்தில் ஒலிக்கத் தொடங்கியது. 1939இல் மறுபடி வார்த்தார்கள். 1960இல் விரிசல் விட்டதும் 1964இல் மூன்றாம் முறை. அடுத்த வருடம் ரோமில் போப் ஆறாம் பவுல் ஆசீர்வதிக்க, மிராவல்லே குன்றுக்கு வந்து சேர்ந்தது.

ஸ்டேஷனிலிருந்து குன்றுக்கு நடந்தே போகலாம். ஏற்றம்தான், நல்ல செருப்பு முக்கியம். வழியில் காஸ்தெல் தாந்தே என்ற நினைவகம், இரு தரப்பு வீரர்களின் எலும்புகளும் அங்கே இருக்கின்றன. அப்புறம் பல நாட்டுக் கொடிகள் வரிசையாகப் பறக்கும் பாதை, அது முடியும் இடத்தில் மணி. எடை 22 டன்னுக்கும் மேல், உயரம் மூன்று மீட்டருக்கும் அதிகம். வெயில் இருக்கும்போதே போய்விட்டால் அதைச் சுற்றிச் செதுக்கியிருக்கும் மனித உருவங்களை நிதானமாகப் பார்க்கலாம்.

எதிரே படிவரிசையில் உட்கார்ந்தேன். மணி முதலில் சத்தமே இல்லாமல் அசைந்தது. வீச்சு கூடக்கூட நாக்கு விளிம்பைத் தொட்டது. முதல் அடி காதைவிட நெஞ்சில்தான் விழுந்தது. பத்து, பதினைந்து அடிகளிலேயே சிலர் போனை உள்ளே வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நாற்பதுக்கு மேல் எண்ணிக்கை விட்டுப்போய், யார் யாரோ நினைவுக்கு வருகிறார்கள். எனக்கு முள்ளிவாய்க்கால் வந்தது. நூறும் முடிந்த பிறகும் ரீங்காரம் வெகுநேரம் நிற்கும். அது அடங்கும்வரை இருக்கும்படி உங்கள் ரயிலைத் தேர்ந்துகொள்ளுங்கள். இறங்கும் பாதையில் சில இடங்களில் வெளிச்சம் போதாது, டார்ச் எடுத்துப் போங்கள்.