வரைபடம் முடிவாகும் முன்: முகாம் இளைஞர் குழுவின் நாட்குறிப்பு

2022 பிப்ரவரி 6, ஞாயிறு

எங்கள் நிறுவனம் பணிசெய்யும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் இளைஞர் குழுவின் முதல் கூட்டம் இன்று மாலை நடந்தது. முகாம் பையன்களில் பெரும்பாலோர் பெயிண்ட் வேலைக்குப் போகிறவர்கள். விடியற்காலையில் வண்டி ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். அதனால்தான் ஞாயிறு மாலையைத் தேர்ந்தெடுத்தோம். வேலைநாளில் காலை 11 மணிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தால் முகாம் தலைவரும் முதியவர்களும் மட்டுமே வருவார்கள்; பிறகு, இளைஞர்களுக்கு ஆர்வமில்லை என்று குறிப்பேட்டில் ஏறிவிடும். இந்த மாவட்டத்தின் இன்னொரு முகாமில் பிறந்து வளர்ந்த நான், அப்படி எழுதப்பட்ட குறிப்புகளைப் பலமுறை படித்திருக்கிறேன்.

கடந்த ஆகஸ்டில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்த சுமார் ரூ.317 கோடித் திட்டம்தான் இந்தக் குழு உருவாகக் காரணம். பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவது, மாத உதவித்தொகையை உயர்த்துவது, கல்வி உதவி, திறன் பயிற்சி என்று பலவும் அதில் இருக்கின்றன. நவம்பர் 2ஆம் தேதி வேலூர் மேல்மொணவூர் முகாமில் முதற்கட்ட வீடுகளுக்கு அடிக்கல்லும் நாட்டிவிட்டார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களின் மூன்றாம் தலைமுறை இன்னமும் பத்துக்குப் பத்து அடி அறைகளில் வாழ்கிறது என்னும் நிலையில் இது மிகப் பெரிய வாய்ப்பு. இந்த வாய்ப்பில் இருபது வயதுக்காரர்களுக்கு என்ன பங்கு இருக்கப் போகிறது என்பதே என் கவலை. அடுத்த முப்பது ஆண்டுகள் அந்த வீட்டில் இருக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தோம். முகாம் தலைவர் ஐயா தயங்கினார். இரண்டு அம்மாக்கள் எழுந்து பேசிய பிறகு ஒப்புக்கொண்டார்.

2022 பிப்ரவரி 20, ஞாயிறு

திறன் பயிற்சிக்கான தேவைக் கணக்கெடுப்புப் படிவம் வந்தது. எந்தப் பயிற்சி வேண்டும் என்ற கேள்விக்குக் கீழே தையல், அழகுக்கலை, கணினித் தட்டச்சு என்று விடைகள் முன்கூட்டியே அச்சாகியிருந்தன. டிப்ளமோ முடித்துவிட்டுப் பெயிண்ட் வேலைக்குப் போகும் தம்பி ஒருவர் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, எனக்கு வேலை கிடைக்காததுக்குக் காரணம் பயிற்சி இல்லாததா, ஆவணம் இல்லாததா? அதை இதுல எங்க எழுதறது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. நேர்காணலில் தேறிய பிறகு அடையாள ஆவணம் கேட்கும் கட்டத்தில் திருப்பி அனுப்பப்பட்ட பட்டதாரிகள் ஏறக்குறைய எல்லா முகாம்களிலும் இருக்கிறார்கள். 1987 ஜூலை 1ஆம் தேதிக்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இங்கே பிறந்தது மட்டுமே குடியுரிமைக்குப் போதாது. 2019இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டமோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களோடு நின்றுவிட்டது. எங்கள் குழுவில் உள்ள அனைவரும் 1987க்குப் பின் தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் பிறந்தவர்கள். ஆகவே, எந்தப் பயிற்சியை முடித்தால் ஆவணம் கேட்காமல் வேலையோ சொந்தத் தொழிலோ அமையும் என்பதை முதல் கேள்வியாக வைத்துக் குழுவே ஒரு துணைப்படிவத்தைத் தயாரித்தது. குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பு, கணக்கு மென்பொருள், கட்டட மேற்பார்வை ஆகியவை அவர்களாகச் சொன்னவை. மேசைக்கு அப்பால் அமர்ந்து நாம் எழுதும் பட்டியலில் இந்த மூன்றும் வந்திருக்காது.

2022 மார்ச் 13, ஞாயிறு

வீட்டு வரைபடத்தின் நகல் கைக்கு வந்தது. ஒற்றைத் தாளில் கோடுகளும் அளவுகளும் இருந்தன. முகாமில் பலருக்கு அதைப் பார்த்து எதையும் சொல்ல இயலவில்லை. குழுவில் இருந்த பெயிண்டர் பையன்கள் ஒரு வழி சொன்னார்கள். நூல், டேப், சுண்ணாம்புத் தூள் ஆகியவற்றை எடுத்துவந்து, கோயிலுக்கு எதிரே உள்ள திடலில் வரைபடத்தின் அளவிலேயே முழு வீட்டையும் தரையில் கோடு போட்டார்கள். சதுரடிக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு அளவு பிசகவில்லை. கதவு வரும் இடத்தில் கோட்டை விட்டுவிட்டு, சன்னல் வரும் இடத்தில் செங்கல் வைத்தார்கள்.

அதன்பிறகு முகாமே திரண்டு வந்து அந்தக் கோடுகளுக்குள் நடந்து பார்த்தது. ஒரு வீட்டிலிருந்து கேஸ் அடுப்பும் இன்னொரு வீட்டிலிருந்து கட்டிலும் வந்தன. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அடுப்படிக் கோட்டுக்குள் போட்டு உட்கார்ந்த அம்மம்மா ஒருவர், "பிள்ளை, கக்கூஸ் கதவு குசினியைப் பார்த்துக்கொண்டு இருக்குது. இது சரிவராது" என்றார். பத்தாம் வகுப்பு படிக்கும் பெண் கட்டிலைச் சுற்றி வந்து, அப்பாவும் தம்பியும் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தில் தான் எங்கே உட்கார்ந்து படிப்பது என்று கேட்டாள். சக்கர நாற்காலியில் இருக்கும் தம்பியை அழைத்து வந்து வாசல் கோட்டின் வழியே தள்ளிப் பார்த்தபோது முன்வாசலில் நுழைந்த நாற்காலி குளியலறைக் கோட்டில் இடித்தது. அந்த இடத்தில் இரண்டு பெண்கள் உடனே டேப்பைப் பிடித்து, எத்தனை அங்குலம் கூடுதலாக வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள்.

ஒரே மாலையில் திருத்தங்களின் பட்டியல் தயாராகிவிட்டது. வரைபடம் பென்சிலில் இருக்கும்போது கதவை இடம் மாற்ற அழிரப்பர் போதும். மதிப்பீடு கையொப்பமான பிறகு அதே கதவுக்குக் கோப்பு மேசை மேசையாகப் போக வேண்டியிருக்கும். இளைஞர்களை எந்தக் கட்டத்தில் அழைப்பது என்ற கேள்வியை, அழைப்பதா வேண்டாமா என்ற கேள்விக்குச் சமமாகவே நான் மதிக்கிறேன்.

2022 மார்ச் 27, ஞாயிறு

கடந்த செவ்வாய்க்கிழமை தனுஷ்கோடிப் பக்கம் இலங்கையிலிருந்து 16 பேர் கடல் வழியாக வந்து இறங்கிய செய்தியே முகாம் முழுவதும் பேச்சாக இருக்கிறது. இம்முறை மக்களைக் கடலேற்றியது போர் அல்ல; அரிசி, பால்மா, எரிவாயு விலை. குழுவில் இருப்பவர்களுக்குப் படகுப் பயணம் என்பது தாத்தா பாட்டி சொன்ன கதை. இப்போது தங்கள் வயதுள்ளவர்களே அப்படி வந்து, புதிதாக வருகிறவர்களை முதலில் தங்கவைக்கும் மண்டபம் முகாமுக்குப் போகிறார்கள் என்பது அவர்களை உலுக்கிவிட்டது. புதிதாக வருகிறவர்களில் யாரேனும் நம் முகாமுக்கு அனுப்பப்பட்டால், அவர்களில் ஒருவருக்குக் குழுவில் இடம் தர வேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். நான் யோசனை சொல்வதற்கு முன்பே அவர்களாக எடுத்த முடிவு இது.

2022 மே 1, ஞாயிறு

முகாம் அமைந்திருக்கும் ஊராட்சியில் இன்று கிராம சபை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராம சபை என்பது வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களைக் கொண்டது. முகாம்வாசிகளின் பெயர் அப்பட்டியலில் இல்லாததால், அதே ஊரின் தெருவிளக்கையும் சாக்கடையையும் பயன்படுத்தினாலும் அவர்கள் அங்கே உறுப்பினர்கள் அல்லர். வார்டு உறுப்பினர் முதல் நாடாளுமன்ற உறுப்பினர் வரை எவருக்கும் அவர்களுடைய வாக்குக் கணக்கு தேவைப்படுவதில்லை. குடிமக்களுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் கூடுதலான ஒரு வழி. வாக்கில்லாதவர்களுக்கு ஏறக்குறைய அது ஒன்றே வழி. அதைச் சடங்காக நடத்துவதை என்னால் ஏற்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

குழுவினர் பந்தலின் ஓரத்தில் போய் அமர்ந்தார்கள், யாரும் எழுப்பவில்லை. முகாமின் கழிவுநீர் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பின்புறம் தேங்குவதை அவர்களுடன் அரசுப் பள்ளியில் ஒன்றாகப் படித்த ஊர்ப் பையன் ஒருவர் எழுந்து தீர்மானமாக முன்மொழிந்தார். அதற்கான வரைபடத்தை முகாம் பையன்கள் போட்டுக் கொடுத்திருந்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. முகாமுக்கு மட்டும் நன்மை தரும் திட்டம், சுற்றியுள்ள ஊருக்கும் சேர்த்துப் பயன்தரும் திட்டம் என்ற இரண்டில் எது நிலைக்கும் என்பதை இந்தப் பிள்ளைகள் எந்தப் பயிற்சி வகுப்பும் இல்லாமலே கண்டுகொண்டிருக்கிறார்கள்.

2022 ஜூன் 9, வியாழன்

திருத்தப் பட்டியலோடு பொறியாளரைச் சந்தித்தோம். அவர் பொறுமையாகக் கேட்டார் என்பதைச் சொல்லியாக வேண்டும். கழிப்பறைக் கதவின் திசை, மாற்றுத்திறனாளிகள் உள்ள வீடுகளுக்குச் சாய்தளமும் அகலமான கதவும், தெருக்குழாய்களின் இடம் ஆகியவற்றை ஏற்றுக்கொண்டார். ஒவ்வொரு வீட்டிலும் படிக்கத் தனி இடம் என்பதைச் செலவைக் காட்டி மறுத்தார். அதற்கு மாற்றாகப் பொது வாசிப்புக் கூடம் கேட்டதை மேலிடத்துக்குப் பரிந்துரைப்பதாகச் சொன்னார்.

நாங்கள் வற்புறுத்திய நிபந்தனை ஒன்று உண்டு. கேட்டது என்ன, ஏற்றது என்ன, மறுத்தது என்ன, மறுத்ததற்குக் காரணம் என்ன என்று எழுத்தில் வாங்கி முகாம் சமுதாயக் கூடத்தின் சுவரில் ஒட்ட வேண்டும். மறுப்பைக் காரணத்தோடு சொன்னால் இளைஞர்கள் அடுத்த கூட்டத்துக்கும் வருவார்கள். பதிலே இல்லாத மௌனம்தான் அவர்களை விரட்டுகிறது.

இரண்டு கோரிக்கைகள் இன்னும் நிலுவையில் இருக்கின்றன. கட்டும்போது கலவையையும், கியூரிங் எனப்படும் நீரூற்றி இறுகவைக்கும் வேலையையும் குழு நாள்தோறும் பார்த்துப் பதிவேட்டில் எழுத அனுமதி வேண்டும் என்பது ஒன்று. மாநிலமெங்கும் அடுத்தவர் வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசுகிறவர்களுக்குத் தங்கள் முகாம் வீடுகளின் பெயிண்ட் வேலையை நியாயமான கூலிக்குத் தர வேண்டும் என்பது மற்றொன்று. அது ஒப்பந்தக்காரரின் விருப்பம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஒப்பந்தத்திலேயே எழுதலாமே என்று குழுவில் இருந்த பெண் கேட்டதற்கு இன்றைக்குப் பதில் கிடைக்கவில்லை.

கூலியைப் பற்றி இன்னொன்றையும் இங்கே எழுத வேண்டும். இன்று வந்த நான்கு பேரும் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். அவர்களுக்கு நாங்கள் படி கொடுத்ததற்கு நிதி தருகிறவர்களிடமிருந்து ஆட்சேபம் வந்தது. தன்னார்வப் பங்கேற்புக்குப் பணம் எதற்கு என்று கேட்கிறார்கள். கூட்டத்தில் இருந்த அலுவலர், பொறியாளர், நான் ஆகிய எல்லோரும் சம்பளத்தில்தான் அமர்ந்திருந்தோம். அன்றாடக் கூலியில் அடுப்பு எரிக்கும் வீட்டுப் பிள்ளையிடம் மட்டும் தியாகத்தை எதிர்பார்ப்பது அறமாகாது. இந்தச் செலவுத் தலைப்பை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

2022 ஜூன் 20, திங்கள்

உலக அகதிகள் நாள். ஒரு நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தபோது, குழுவினர் நடனத்துடன் அலுவலர்களிடம் கேள்வி கேட்கும் நேரமும் வேண்டும் என்று எழுதி அனுப்பினார்கள், கிடைத்தது.

உலகில் வேறு இடங்களில் இது எப்படி நடக்கிறது என்று மாலையில் அவர்களுக்கு விளக்கினேன். 2015, 2016 ஆண்டுகளில் ஐ.நா. அகதிகள் உயர் ஆணையமும் பெண் அகதிகள் ஆணையமும் பல நாடுகளில் அகதி இளைஞர்களை நேரில் கேட்டு, அவர்களுக்காகச் செய்ய வேண்டிய ஏழு முக்கியச் செயல்பாடுகளைத் தொகுத்தன. அதன் தொடர்ச்சியாக 2017இல் உயர் ஆணையத்துக்கென உலகளாவிய இளைஞர் ஆலோசனைக் குழு அமைந்தது. உகாண்டாவில் 2018 முதல் அகதிகள் பங்கேற்பு மன்றம் இயங்குகிறது. குடியிருப்புகளிலிருந்து வரும் பிரதிநிதிகள் அதில் கூடுகிறார்கள், அவர்களில் சிலர் அரசும் நன்கொடை நாடுகளும் அமரும் வழிநடத்தும் குழுவிலேயே இடம்பெறுகிறார்கள். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. நமக்கென அகதிகள் சட்டமும் இல்லை. ஆனால் மாநில அளவில் முகாம் இளைஞர்களுக்கு நிரந்தர இடம் கொடுக்க அந்தக் கையெழுத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்று கருதுகிறேன். ஓர் அரசாணை போதும்.

2022 செப்டம்பர் 18, ஞாயிறு

புதன்கிழமை திண்டுக்கல் தோட்டனூத்தில் 321 புதிய வீடுகளை முதலமைச்சர் திறந்துவைத்தார். படங்களைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்த குழுவினர், வீடு எப்படி இருக்கிறது என்பதைக் குடியேறியவர்களிடமே கேட்டு வர வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். திறப்பு விழாவின் போது தெரியாத குறைகள் ஒரு மாதம் சமைத்துக் குளித்துப் படுத்தெழுந்த பிறகு தெரியும் என்பதால், பயணத்தை அக்டோபர் இறுதிக்கு வைத்திருக்கிறோம். கேள்விகளை அவர்களே எழுதினார்கள்: மழையில் எந்தப் பக்கம் சாரல் அடிக்கிறது, கழிவுநீர்த் தொட்டி எத்தனை வீட்டுக்குப் பொது, இரவில் பெண்கள் தனியாக வெளியே வரும் பாதையில் விளக்கு இருக்கிறதா, திருமணமாகிப் புதிதாகப் பிரியும் குடும்பத்துக்கு வீடு உண்டா.

கடைசிக் கேள்வியை எழுதியது அடுத்த தை மாதம் திருமணம் நிச்சயமாகியுள்ள பெண். கணக்கெடுப்பு நாளில் குடும்ப அட்டையில் இருந்த பெயர்களை வைத்தே வீடுகளின் எண்ணிக்கை முடிவாகியிருக்கிறது என்பதால், இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்துப் பல குடும்பங்களின் நிலை மாறும். அதைத் தனி மனுவாகவும் எழுதியிருக்கிறோம். முகாமை விட்டு வெளியூர் செல்வதற்கான அனுமதிக் கடிதத்தையும் இந்த மனுவையும் சேர்த்து நாளைக் காலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். எழுதிய பெண்ணே எடுத்துச் செல்கிறார்.