எம்.எம்.540 ஜீப்பில் கை வைத்த அனுபவம்: அங்குல ஹப்பும் மில்லிமீட்டர் போல்ட்டும்

என்னிடம் இருக்கும் மஹிந்திரா எம்.எம்.540, போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறிய வண்டி. பல கை மாறி வந்தது. இன்ஜின் இன்னும் தெம்பாக இருக்கிறது. மற்றதெல்லாம் அந்தந்த நேரத்துக்குக் கிடைத்ததை மாட்டி ஓட்டியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. விடிவதற்குள் ஆள் ஏற்ற வண்டி நிற்க வேண்டும். எனக்கு அந்த அவசரம் இல்லை. ஒவ்வொரு பகுதியாகக் கழற்றி, எந்தப் பார்ட் எங்கிருந்து வந்தது என்று அளந்து பார்த்து, பொருந்துவதைத் தேடிப் போட்டு வருகிறேன். இதுவரை முடிந்த வேலையை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். இந்த ஜீப்பின் பிறப்பே இரண்டு அளவுமுறை. அடிப்பாகம் வில்லிஸ் வம்சம். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் எம்.பி., அதன் வழியில் வந்த சி.ஜே.3பி, அதை உரிமம் வாங்கி இங்கே கட்டிய மஹிந்திரா என்று வந்த வழி. அதனால் ஆக்ஸில், ஹப் (சக்கரம் மாட்டும் குடம்), டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பக்கமெல்லாம் பெரும்பாலும் அங்குலக் கணக்கு, யு.என்.எஃப் எனும் நெருக்கமான அங்குல மரை. இன்ஜின் பெஜோ வடிவமைத்த எக்ஸ்.டி.பி. 4.90. சிலிண்டரின் உள்விட்டம் (போர்) 90 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் (ஸ்ட்ரோக்) 83 மி.மீ., மொத்தம் 2112 சி.சி. டீசல். அது மெட்ரிக். ஒரே வண்டிக்கு இரண்டு ஸ்பேனர் செட் வேண்டும். இதற்கு மேல், உதிரிபாகம் அடிக்கிறவர்கள் தங்கள் வசதிக்குப் பழைய அங்குல அளவை மில்லிமீட்டராக்கி அடிக்கிறார்கள். பெட்டியின் மேல் '540-க்கு' என்று போட்டிருக்கும். எந்த வருட 540, எந்த ஆக்ஸில் என்று இருக்காது.

ஆகவே கடைக்குப் போகும்முன் இரண்டு கருவி வாங்கினேன். ஒன்று வெர்னியர். இன்னொன்று மரைகளின் இடைவெளியை அளக்கும் மரை கேஜ். மெட்ரிக்கும் அங்குலமும் இரண்டும் உள்ள செட். மரை கேஜை வாங்கச் சொல்லி எல்லாரையும் வற்புறுத்துவேன். பிரேக்கை விட, ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனை விட, முதலில் என்னை அதிர வைத்தது சக்கரத்தின் நட்டுதான்.

வண்டியின் முன் வலது ஹப்பில், சக்கர நட்டு ஏறும் ஐந்து ஸ்டட்டில் இரண்டு புதியவை. மற்ற மூன்று பழையவை. ஐந்திலும் ஒரே மாதிரி நட்டு. ஐந்தும் கையாலேயே சுழன்று ஏறின. புதிய இரண்டில் மட்டும் நட்டு லேசாக ஆடியது, அவ்வளவுதான். வெர்னியர் வைத்தேன். பழைய ஸ்டட் 12.6 மி.மீ. சொச்சம், அதாவது அரை அங்குலம், 20 மரை யு.என்.எஃப். புதியது 11.9, அதாவது 12 மி.மீ. மெட்ரிக் மரையான எம் 12, பிட்ச் (மரை இடைவெளி) 1.25. நட்டு ஐந்துமே அரை அங்குலத்துக்கானவை.

இது எப்படி ஏறுகிறது? அங்குலத்துக்கு 20 மரை என்றால் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் 1.27 மி.மீ. எம் 12 ஸ்டட்டில் அது 1.25. வித்தியாசம் 0.02. ஒரு நட்டின் உயரத்துக்குள் கைக்கு அது தெரியவே தெரியாது. பிட்ச் தப்பாக இருந்தால் நட்டு இரண்டு சுற்றில் இறுகிக் காட்டிக்கொடுக்கும். இங்கே பிட்ச் கிட்டத்தட்ட ஒன்று, குறுக்களவு மட்டும் 0.7 மி.மீ. குறைவு. ஆகவே மரையின் உச்சி மட்டும் உரசிக்கொண்டு நிற்கும்.

லேத்துப் பட்டறை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "கையில ஏறுதுல்ல தம்பி, ஸ்பேனர் போட்டா பிடிச்சுக்கும்" என்றார். "அண்ணே, ஒரு நட்டைப் போட்டு அப்படியே நீளவாக்குல அறுத்துப் பாப்போம்" என்றேன். ஸ்டட்டை வைஸில் பிடித்து, நட்டோடு சேர்த்து ஹேக்ஸாவால் இரண்டாகப் பிளந்து, அரத்தால் முகத்தைத் தேய்த்துக் காட்டினார். நட்டின் மரைப் பள்ளத்தில் பாதி ஆழத்துக்குத்தான் ஸ்டட் போயிருந்தது. மீதி வெறும் இடைவெளி. அண்ணன் கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பட்டறைப் பையனைக் கூப்பிட்டு அவனுக்கும் காட்டினார். அந்தத் துண்டு இப்போது அவர் மேசை மேல்தான் இருக்கிறது. ஜீப்காரர்கள் வந்தால் எடுத்துக் காட்டுகிறார்.

ஏறாத பார்ட்டால் ஆபத்தில்லை. கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஏறினாற்போல் ஏறுகிற பார்ட்தான் மலைப்பாதையில் ஆளைக் கொல்லும். இதை நான் சொல்லாமல் இருக்க முடியாது.

நான்கு ஹப்பையும் இறக்கி எல்லா ஸ்டட்டையும் அளந்தேன். இன்னொரு சிக்கல் கிடைத்தது. பழைய வில்லிஸ் வழக்கப்படி இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை ஸ்டட் வரும். ஓடும்போது நட்டு தளரக் கூடாது என்பதற்காக. என் வண்டியில் பின் இடதில் இடது மரை, முன் இடதில் வலது மரை. யாரோ முன் ஹப்பை வேறு வண்டியிலிருந்து மாற்றியிருக்கிறார்கள். டயர் பஞ்சரானால் மழையில், இருட்டில், எந்தச் சக்கரத்துக்கு எந்தப் பக்கம் சுற்றுவது என்று யோசித்துக்கொண்டு நிற்க முடியாது. எல்லாவற்றையும் வலது மரை, அரை அங்குல யு.என்.எஃப் ஆக்கிவிட்டேன். புது ஸ்டட்டின் கழுத்தில் உள்ள நர்லிங் (வரிவரியான பிடிப்பு) ஹப்பின் ஓட்டையை விட ஒரு நூலிழை பெரிதாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக வெர்னியர் வைத்துப் பார்த்து, பிரஸ்ஸில் வைத்து ஏற்றினோம். சுத்தியலால் அடித்து ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டட் கோணலாக உட்கார்ந்தால் சக்கரத்தின் டிஸ்க் சரியாக அமராது.

அடுத்தது பிரேக். பிரேக் மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுத்தது. டிரம்மைத் திறந்தால் ஷூ இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில்தான் விஷயம். முன் இடது 1 அங்குல போர். முன் வலது 7/8 அங்குலம். கேட்க எட்டில் ஒரு பங்குதான் குறைவு. ஆனால் அழுத்தம் வேலை செய்வது பரப்பில். 7/8-ஐ 7/8-ஆல் பெருக்கினால் 0.766, ஆக வலது பக்கம் ஷூவைத் தள்ளும் விசை கால்பங்குக்கும் சற்றுக் குறைவான அளவு குறைந்துவிடுகிறது. இறக்கத்தில் நான்கு பேரை வைத்துக்கொண்டு மிதித்தால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். இரண்டு பக்கமும் 1 அங்குலம் போட முடிவு செய்தேன். முன்பக்கம் கூடுதல் விசை போவதுதான் இறக்கத்துக்கு நல்லது. பெடல் சற்றுக் கூடுதலாக இறங்கும். அதற்கு மனம் தயாராக இருந்தேன்.

வாங்கி வந்த சிலிண்டரில் பைப் ஏறவில்லை. பழைய பைப்பின் நட்டு 3/8 அங்குலம், 24 மரை. புதிய சிலிண்டரில் எம் 10, 1.0 பிட்ச். இங்கேயும் அதே ஏமாற்று: 9.5 மி.மீ. நட்டு 10 மி.மீ. ஓட்டையில் தளர்வாக இரண்டு மூன்று சுற்று போகும். டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கிவிடலாம் என்று கடையில் யோசனை சொன்னார்கள். பிரேக்கில் மரை எண்ணெயை நிறுத்துவதில்லை. பைப்பின் நுனியில் விரித்திருக்கும் வாய், அதாவது ஃப்ளேர், சிலிண்டரின் அடியில் இருக்கும் சீட்டில் அழுந்தி உட்கார்ந்துதான் நிறுத்துகிறது. டேப் அங்கே ஒன்றும் செய்யாது. பிய்ந்து போய்ச் சின்ன ஓட்டையை அடைக்கும், அவ்வளவுதான்.

அந்தச் சீட்டே வேறு என்பதுதான் பெரிய வித்தியாசம். டார்ச் அடித்து ஓட்டைக்குள் பாருங்கள். அடியில் கூம்பு மேல்நோக்கித் துருத்திக்கொண்டிருந்தால் 45 டிகிரி இரட்டை ஃப்ளேர் பைப். அதுதான் அமெரிக்க வழி. அடி புனல் போலக் குழிந்திருந்தால் குமிழ் ஃப்ளேர். நட்டை மட்டும் மாற்றி இரட்டை ஃப்ளேரைக் குழிந்த சீட்டில் போட்டால் முதல் நாள் பிடிக்கும், பிறகு கசியும். மதுரையில் தேடி, கூம்புச் சீட்டோடு 3/8 மரை உள்ள சிலிண்டர் இரண்டு கிடைத்தது. பைப்பை வெட்டாமல் தப்பித்தேன். பிரேக் ஆயில் டாட் 3, நான்கு சக்கரத்திலும் காற்று எடுத்து முடித்தாயிற்று.

ஸ்பிரிங் பட்டை பற்றிச் சுருக்கமாக. முன் ஸ்பிரிங்குக்கு வந்த புதுப் பட்டை 45 மி.மீ. அகலம். பட்டையை வண்டியோடு பிடிக்கும் ஷேக்கிளும் ஹேங்கரும் 1¾ அங்குலத்துக்கு, அதாவது 44.45-க்கு. அரை மி.மீ. அதிகம்; சுத்தியலால் அடித்து ஏற்றினால் ஷேக்கிள் அசையாமல் இறுகும். மெயின் பட்டையின் நுனி வளையமான கண்ணை மட்டும் பக்கவாட்டில் கிரைண்டிங் செய்து சரி பண்ணினேன். ஆனால் ஒரு ஜோடியில் கண்ணிலிருந்து சென்டர் போல்ட் வரை ஒன்றுக்கொன்று 6 மி.மீ. வித்தியாசம். அதைப் போட்டால் ஆக்ஸில் கோணலாக நிற்கும். 91 அங்குல வீல்பேஸ் ஒரு பக்கம் குறையும். பட்டையில் புது ஓட்டை போடலாம் என்றார்கள். டெம்பர் ஏறிய பட்டையில் ஓட்டை போட்டால் அங்கேயே ஒடியும். திருப்பிக் கொடுத்து வேறு ஜோடி வாங்கினேன். வாட்டர் பம்ப் எக்ஸ்.டி.பி. இன்ஜினுக்கே உரியது, மெட்ரிக் போல்ட், தொந்தரவு இல்லாமல் உட்கார்ந்தது.

இனி கிரவுன். வாங்கும்போதே பழைய ஓனர், "ஃபோர் வீல் போட்டா லிவர் கழலாதுங்க, ரிவர்ஸ் எடுத்தாத்தான் வரும்" என்று சொல்லியிருந்தார். டிரான்ஸ்ஃபர் கேஸில் கியரைத் தள்ளும் கவட்டையான போர்க் தேய்ந்திருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு வேறு சந்தேகம்: முன், பின் கிரவுன் விகிதம் ஒன்றாக இல்லையோ என்று. அதைச் சோதிக்க எதையும் பிரிக்க வேண்டாம். டிரான்ஸ்ஃபரை நியூட்ரலில் வைத்து, ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, மறுபக்கச் சக்கரம் தரையில் நிற்க, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்ற வேண்டும். இரண்டு பக்கச் சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் காரணமாக அந்த இரண்டு சுற்றுக்குக் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். அதற்குள், ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டுவரும் தண்டான பிரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று என்பதுதான் விகிதம். ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினேன். முன்னால் ஐந்து சுற்று தாண்டி மூன்றில் ஒரு பங்கு. பின்னால் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு.

முன்னால் கிரவுனில் 43 பல், அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 8, அதாவது 5.38. பின்னால் 39-க்கு 8, அதாவது 4.88. போர்க்கால வில்லிஸில் வந்தது 4.88, போருக்குப் பின் உழவுக்கும் சேர்த்து விற்ற சி.ஜே.2ஏவில் வந்தது 5.38. இரண்டும் இந்த வம்சத்து விகிதம்தான். ஒரே வண்டியில் சேரக் கூடாது. ஃபோர் வீலில் இரண்டு ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். பின் சக்கரம் 100 மீட்டர் உருளும்போது முன் சக்கரம் 91 மீட்டர்தான் உருளப் பார்க்கும். சேற்றில் ஏதாவது ஒரு சக்கரம் வழுக்கிச் சமாளிக்கும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. கியரெல்லாம் முறுக்கிக்கொண்டு லிவர் இறுகும். போர்க் மேல் ஒரு குற்றமும் இல்லை.

மலைக்கு 5.38 தான் வேண்டும் என்று பின்பக்கத்தை மாற்றினேன். பின் ஆக்ஸிலின் கிரவுன் முன் ஆக்ஸிலை விடப் பெரியது, ஒன்றை எடுத்து இன்னொன்றில் போட முடியாது. பழைய சாமான் கடையில் 43-8 செட் ஒன்று காட்டினார்கள். பல்லெல்லாம் அழகாக இருந்தது. கிரவுனில் பொறித்த எண்ணும் பினியனில் பொறித்த எண்ணும் வேறு வேறு. கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தி வருபவை. ஜோடி பிரிந்ததைப் போட்டால் ஊளையிடும், சீக்கிரம் பல் போகும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து, கழித்துப்போட்ட ஒரு ஜீப்பின் ஹவுசிங்கிலிருந்து எண் ஒத்த ஜோடியை எடுத்தேன். பேரிங் புதிது. ஷிம் எனும் மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றி, டயல் கேஜில் பேக்லாஷ் (பற்களுக்கு இடையே விடும் இடைவெளி) 6 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு வரும் வரை மெக்கானிக் அண்ணன் பொறுமையாக உட்கார்ந்தார். பல்லில் நீலம் தடவிச் சுற்றிப் பார்த்தபோது தடம் பல்லின் நடுவில் விழுந்தது. அந்தத் தடத்தைப் பார்த்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அன்று இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டியை இறக்கிப் போடிமெட்டுக்கு ஓட்டினேன். பதினேழு கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் பிரேக் நேராகப் பிடித்தது. நான் நினைத்த அளவுக்குப் பெடல் இறங்கவில்லை. அடிவாரத்து மண் பாதையில் ஃபோர் வீல் போட்டு, தார் ரோட்டுக்கு ஏறி, லிவரை இழுத்தேன். இரண்டு விரலில் வந்தது. வந்ததும் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்த்தேன், எதுவும் நகரவில்லை.

இன்னும் ஸ்டியரிங் பக்கம் தொடவில்லை. டிராக் ராட் முனைகள் ஒன்றில் கிரீஸ் நிப்பிள் இருக்கிறது, மற்றதில் இல்லை. டேப்பர் இரண்டும் ஒன்றுதானா என்று அளக்க வேண்டும். முன் பிரொப்பெல்லர் ஷாஃப்டின் மடங்கும் இணைப்பில் உள்ள கிராஸில் லேசாக ஆட்டம் இருக்கிறது. மழை விட்டதும் அதைக் கழற்றி, கப்பின் குறுக்களவை எடுத்துக்கொண்டு தேனிக்குப் போகிறேன்.