ஆறரை ஐம்பத்தைந்து

நோர்வேயின் வடகோடியில், பின்மார்க்கின் மீன் தொழிற்சாலையை விட்டு, தெற்கே எல்வெரும் என்ற ஊருக்குக் குடிவந்த முதல் வருடம், செப்டம்பர் 25 காலை, காட்டுப்பக்கமிருந்து வெடிச்சத்தம் கேட்டது. பிள்ளைகளை ஜன்னலடியிலிருந்து இழுத்து உள்ளறையில் இருத்திவிட்டேன். எல்க் என்னும் பெரிய மானின் வேட்டை தொடங்கும் நாள் அது என்று பக்கத்து வீட்டு முதியவர் வந்து சொன்னபோதும் என் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

நோர்வேயில் வயது பாராமல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வரவில்லை, "ஐயா" என்றேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு எனக்கு அவர் ஐயாதான்.

அந்தக் குளிர்காலத்தில் தன் கொட்டகைக்கு அழைத்துப் போனார். மேசையில் நெம்புகோல் வைத்த இரும்பு அழுத்தி, சின்னத் தராசு, மரப்பலகையில் வரிசையாக, சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கோதுகள். 1987இல், போர்க்காலத்தில், ஊரில் எங்கள் முற்றத்திலும் கோதுகள் கிடந்தன. தம்பி ஒன்றைப் பொறுக்கி வர, அம்மா அவன் கையைத் தட்டி விழுத்தினார். அதற்குப் பிறகு நான் ஒரு கோதையும் தொட்டதில்லை. ஐயா ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "ஐந்து முறை சுட்டது. இன்னும் உழைக்கும்" என்றார்.

அது 6.5×55 என்ற ரவைக்கான, அதாவது தோட்டாவுக்கான கோது. நோர்வேயும் சுவீடனும் ஒரே மன்னரின் கீழ் இருந்த காலத்தில் இரண்டு நாட்டுப் படைகளுக்கும் சேர்த்து உருவாக்கி, 1894இல் ஏற்றுக்கொண்டது. 1905இல் நாடுகள் பிரிந்தன, ரவை பிரியவில்லை. படைத்துவக்குகள் வேட்டைக்காரர் கைக்கு வந்தபோது அதுவும் கூடவே காட்டுக்கு வந்தது. நான் மனதுக்குள் அதை 'ஆறரை' என்றுதான் சொல்வேன்.

சுட்ட கோதை மறுபடி நிரப்பி ரவையாக்கும் வேலை எளிமையானது, அவசரம் மட்டும் ஆகாது. சுட்ட கோது துவக்கின் அறைக்குள் விரிந்திருக்கும். மெல்லிதாக எண்ணெய் பூசி, அச்சுக்குள் அழுத்தி, பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அடியில் இருந்து மருந்தைப் பற்றவைத்து எரிந்துபோன பிரைமரும் அதோடு வெளியே விழும். நான் முதல்முறை எண்ணெயில் கஞ்சம் பிடித்தேன். கோது அச்சுக்குள் இறுகிவிட்டது. அதைத் துளைபோட்டுக் கழற்ற ஒரு மாலை முழுதும் போனது. ஐயா கோபிக்கவில்லை, விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் நீளம் பார்ப்பது. சுடச்சுட கோதின் கழுத்து நீளும். 55 மில்லிமீட்டரைத் தாண்டினால் சீவ வேண்டும், இல்லையென்றால் கழுத்து சன்னத்தை, அதாவது பறந்துபோகும் முனையை, நெரித்து அழுத்தம் எகிறிவிடும்.

வெடிமருந்து அளப்பதில்தான் அவர் மிகக் கண்டிப்பு. மேசையில் ஒரு மருந்து டப்பாவுக்கு மேல் இருக்கக் கூடாது. வானொலி நிற்கும், பேச்சும் நிற்கும். உற்பத்தியாளர் அட்டவணையின் கீழ் எல்லையில் தொடங்கி, சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சுட்டுப் பார்க்க வேண்டும். பிரைமர் தட்டையாகிவிட்டாலோ துவக்கின் பின்வாயைப் பூட்டும் போல்ட்டைத் தூக்கக் கடினமானாலோ அங்கேயே நிறுத்திவிட்டு இறங்க வேண்டும். கோதுகள் எல்லாம் நிரம்பியதும், சன்னம் வைப்பதற்கு முன், டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்ப்போம். ஒரே கோதில் இரண்டு தடவை மருந்து விழுந்திருந்தால் துவக்கே சிதறும்.

அவருடைய துவக்கு க்ராக் யோர்கென்சன், பழைய நோர்வேப் படைத்துவக்கு. பக்கவாட்டுக் கதவைத் திறந்து ரவைகளை உள்ளே போட்டு மூடினால் போதும். போல்ட் தயிரில் கரண்டி போல வழுக்கிப் போகும். ஆனால் அந்தப் போல்ட்டை முன்னால் பூட்டிப் பிடிப்பது காதுபோல் துருத்திய ஒரே ஒரு இரும்புத் துண்டுதான். புதிய துவக்குகளுக்கென்று அட்டவணையில் இருக்கும் உச்ச அளவுகள் அதற்கு ஆகாது. பழசு என்று இரங்குவதற்காக அல்ல, அதன் பலம் இவ்வளவுதான் என்று அறிந்து நடப்பதற்காக மென்மையாக நிரப்புகிறோம் என்பார்.

சட்டமும் இதற்குள் வந்துவிடுகிறது. எல்க்குக்கான சன்னம் குறைந்தது 9 கிராம் இருக்க வேண்டும், உடலில் விரிய வேண்டும். 10 கிராம் வரையான சன்னத்துக்கு 100 மீட்டரில் 2700 ஜூல் ஆற்றல் கேட்பார்கள், 10 கிராமைத் தாண்டினால் 2200 ஜூல் போதும். பழைய துவக்கால் 2700ஐ எட்டுவது பாடு. ஆறரையின் ஆதிச் சன்னம் 10.1 கிராம், நீளமானது, மூக்கு உருண்டது. அந்த ஒரு பத்தில் ஒரு கிராம் க்ராக்கை இன்னும் காட்டில் வைத்திருக்கிறது. அட்டவணையில் இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வேட்டைக்காரர் பரீட்சையை எழுதி, பொலிஸில் அனுமதி பெற்று, அந்த க்ராக்கை ஐயாவிடமே வாங்கினேன். அவருக்குக் கண் மங்கிவிட்டது. பெரிய விலங்கு வேட்டைக்கு வருடாவருடம் சுடும் பரீட்சை உண்டு: முதலில் 30 பயிற்சி வெடி, பிறகு 100 மீட்டரில் காட்டுமான் உருவத்தின் மேல் ஐந்து. என் கையால் நிரப்பிய ஐந்தும் வட்டத்துக்குள் விழுந்தன. முதல் வெடிக்கு உடம்பு அதிர்ந்தது. ஐந்தாவதற்கு அதிரவில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் ஒரு இளம் எல்க் எனக்கு வாய்த்தது. இறைச்சியைக் குழுவில் பங்கிட்டோம். ஐயாவின் பங்கை என் மகன் கொண்டுபோய்க் கொடுத்தான். எல்க் விழுந்ததும் நான் செய்த முதல் காரியம், போல்ட்டை இழுத்துத் துவக்கை வெறுமையாக்கியது. கோது பாசியில் விழுந்து கிடந்தது. குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, எந்தக் கோது எத்தனை முறை சுட்டது என்று குறிக்கும் கொப்பியில் அதன் பக்கத்தில் எழுதினேன்: ஆறாவது முறை.