மின்யோ ஆற்றங்கரையில் அல்வரின்யோ

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரிலிருந்து வடக்கே செல்லும் ரயில், வியானா டோ காஸ்டெலோவில் பாரிஸ் ஈஃபில் கோபுரத்தால் பெயர்பெற்ற ஈஃபிலின் நிறுவனம் 1878இல் கட்டி முடித்த இரும்புப் பாலத்தின் மீது லீமா ஆற்றைக் கடந்து, கமின்யாவுக்கு அப்பால் மின்யோ ஆற்றை ஒட்டி ஓடத் தொடங்குகிறது. ஆற்றின் மறுகரை ஸ்பெயின். ரயில் மொன்சாவ் ஊர் வரை போன காலம் ஒன்றுண்டு. இன்று வலென்சாவில் இறங்கிப் பேருந்தில்தான் செல்ல வேண்டும். போர்ச்சுகலின் வெள்ளை ஒயின்களில் நான் மிகவும் மதிக்கும் அல்வரின்யோவை, அது விளையும் மண்ணிலேயே, அந்த ஊர்ச் சாப்பாட்டோடு அருந்திப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பயணத்தை மேற்கொண்டேன்.

வழி நெடுக என் கண்ணில் பட்டவை பந்தல்கள். பல நாடுகளில் இடுப்பளவு உயரத்தில் வரிசையாக நிற்கும் திராட்சைக் கொடிகள், இங்கே ஆள் உயரக் கருங்கல் தூண்களின் மேல் படர்ந்து வீட்டு முற்றத்துக்கும் வயல் வரப்புக்கும் நிழல் தருகின்றன. துண்டு துண்டான சிறு நிலங்களில் மக்காச்சோளத்தையும் முட்டைக்கோசையும் கீழே பயிரிட்டுக்கொண்டு திராட்சையை மேலே ஏற்றிவிட்ட விவசாயிகளின் ஏற்பாடு இது. பல இடங்களில் ஆண்டு மழை 1200 மில்லிமீட்டரைத் தாண்டும் பகுதியில், குலைகள் ஈரத் தரையை விட்டு உயரத்தில் காற்றாடத் தொங்கினால் பூஞ்சை நோயின் தொல்லையும் குறையும். புதிய தோட்டங்களில் தாழ்வான கம்பி வரிசைகள் வந்துவிட்டன. ஆனாலும் அந்தத் தூண்களை யாரும் அவ்வளவு எளிதில் பிடுங்கி எறிந்துவிடவில்லை. பாசி படிந்த ஒரு தூணைத் தொட்டுப் பார்த்தேன். சொரசொரப்பான அந்தக் கருங்கல் பொடிந்து உருவானதுதான் காலடியில் இருந்த மணற்பாங்கான மண்ணும். அதிக மழையும் அட்லாண்டிக் கடலின் குளிர்ச்சியும் சேர்ந்தே இப்பகுதி ஒயின்களுக்கு அவற்றின் புளிப்பைக் கொடுக்கின்றன.

இந்தப் பகுதி முழுவதும் 1908இல் எல்லை வகுக்கப்பட்ட வின்யோ வெர்டே ஒயின் மண்டலத்தைச் சேர்ந்தது. வெளிநாட்டுக் கடைகளில் அந்தப் பெயரில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் லோரெய்ரோ, அரின்டோ, டிரஜதூரா போன்ற திராட்சைகளைக் கலந்து செய்த, ஆல்கஹால் குறைந்த, நாக்கில் லேசாகக் குமிழியிடும் ஒயின். முற்காலத்தில் புட்டிக்குள் நொதித்தல் தொடர்ந்ததால் தானாக வந்த அந்தக் குமிழி, இப்போது பெரும்பாலும் கரியமில வாயுவைச் சேர்த்துப் பெறப்படுகிறது. வெயிற்காலத்துக்கு அது நல்ல பானம்தான். ஆனால் வின்யோ வெர்டே என்றால் அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடுவோர்மீது எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

மொன்சாவும் அடுத்துள்ள மெல்காசோவும் சேர்ந்த துணை மண்டலத்தின் நிலைமை வேறு. சுற்றியுள்ள மலைகள் கடற்காற்றைத் தடுப்பதால் இங்கே கோடைப் பகல்கள் சூடாகவும் இரவுகள் குளிர்ந்தும் இருக்கின்றன. அல்வரின்யோ திராட்சை சிறிய, தடித்த தோலுடைய பழம். சாறு குறைவு, மணம் அதிகம். பகல் வெப்பத்தில் அதன் இனிப்பு ஏறினாலும் புளிப்பு குன்றுவதில்லை. ஆற்றுக்கு அப்பால், ஸ்பெயினின் கலீசியாவில், இதே திராட்சைக்கு அல்பரின்யோ என்று பெயர்.

மொன்சாவ் நகரச் சதுக்கத்தில் தெவ்லாதெவ் மார்டின்ஸின் சிலை நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டில், இன்றைய ஸ்பெயினில் இருந்த காஸ்டில் அரசின் படை ஊரை முற்றுகையிட்டபோது, மிச்சமிருந்த மாவில் ரொட்டி சுட்டு மதிலுக்கு வெளியே எறிந்து, உள்ளே உணவு ஏராளமாக இருப்பதாக எதிரியை நம்பவைத்து விரட்டியவர் என்று ஊரார் போற்றும் பெண் அவர். 1958இல் தொடங்கிய உள்ளூர்க் கூட்டுறவு ஒயினாலையின் அல்வரின்யோவுக்கும் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

சதுக்கத்துக்குப் பின்னாலிருந்த சிறிய உணவகத்தில் வந்த புட்டியின் மேல் பனித்துளிகள் படிந்திருந்தன. முதல் வாயில் புளிப்பைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. “கொஞ்சம் பொறுங்கள், குளிர் இறங்கட்டும்” என்றார் பரிமாறிய அம்மா. அவர் சொன்னது சரி. பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு வந்ததும் பீச் பழமும் ஆரஞ்சுப் பூவும் எலுமிச்சைத் தோலும் ஒவ்வொன்றாக மணக்கத் தொடங்கின. பூண்டும் ஆலிவ் எண்ணெயும் வழிய வந்த ஆக்டோபஸை உண்டு ஒரு மிடறு குடித்தால், நாக்கில் படிந்த எண்ணெயை ஒயின் துடைத்தெடுத்து அடுத்த கவளத்துக்கு வாயைத் தயாராக்குகிறது. உப்பிட்டு உலர்த்திய காட் மீனான பக்கல்யாவ், கூடவே வரும் மக்காச்சோள ரொட்டி ஆகியவற்றோடும் அவ்வாறே. உப்புக்கும் கொழுப்புக்கும் இதைவிடப் பொருத்தமான வெள்ளை ஒயினை நான் அருந்தியதில்லை.

விலாங்கு போல் நீண்ட லாம்ப்ரே மீன், குளிர்காலக் கடைசியில் ஆற்றில் ஏறி வரும்போது, அதன் இரத்தத்தோடும் ஒயினோடும் சேர்த்துச் சோறாகச் சமைக்கிறார்கள். அதற்கு இவ்வூரார் வின்யாவ் திராட்சையின் கருஞ்சிவப்பு ஒயினை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கிறார்கள். அந்த வழக்கத்தை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் மண் சட்டியில் சோற்றின் மேல் வைத்து விறகு அடுப்பில் வாட்டிய மொன்சாவ் ஆட்டுக்கறிக்குச் சில ஆண்டுகள் புட்டியில் முதிர்ந்த அல்வரின்யோவையே தேர்ந்தெடுப்பேன். முதிர முதிர அதில் பூமணம் தணிந்து தேன் மணம் ஏறுகிறது; புளிப்பு மட்டும் அப்படியே நிற்கிறது.

வாங்க நினைப்பவர்கள் புட்டியில் துணை மண்டலத்தின் பெயரையும் அறுவடை ஆண்டையும் பார்த்து வாங்குங்கள். குமிழியிடும் மலிவு வகையானால் ஓரிரு ஆண்டுகளுக்குள் குடித்துவிடுவது நல்லது. நல்ல அல்வரின்யோவானால் ஒன்றை உடனே திறந்து, இன்னொன்றை நான்கைந்து ஆண்டுகளாவது வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்துவிடுங்கள்.